பிடி நீண்டால் இடுப்பு வலி குறையும்

மணமேல்குடி வட்டாரத்தில் ஐப்பசி பிறந்துவிட்டால் வயலில் நிமிர்ந்த தலையைப் பார்ப்பது அரிது. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்த நெல், மழை விழுந்ததும் களையோடு சேர்ந்தே எழும்பி நிற்கும். நெல்லுக்கு முந்திக்கொண்டு கோரையும் குதிரைவாலிப் புல்லும் வளரும். காலையில் வயலில் இறங்கும் பெண்கள் மதியச் சோற்றுக்குத்தான் கரையேறுவார்கள். கல்லணைக் கால்வாயின் கடைமடைத் தண்ணீர் எட்டும் நாகுடி பக்கத்து வயல்களில் இதே குனிவு நாற்றுப் பறிப்பிலும் நடவிலும் தொடங்குகிறது. தை, மாசியில் அறுவடை முடிந்தால் உளுந்து பறிக்கும் வேலை காத்திருக்கும். அதுவும் குனிந்துதான்.

மாலையில் வீடு திரும்பும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடக்காத ஆள் ஊரில் குறைவு. "வயசானா வர்றதுதானே ஆத்தா" என்று அதற்கு ஒரு சமாதானம். முப்பது வயதுப் பெண்ணும் இதையே சொல்கிறார் என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். வயது ஒரு காரணம், மறுக்க முடியாது. ஆனால் உழைக்கும் வயதில் வருகிற இடுப்பு வலியில் பெரும்பகுதி வேலை செய்யும் விதத்திலிருந்து வருவது. கருவியின் பிடி எவ்வளவு நீளம், மூட்டை எத்தனை கிலோ, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் குனிகிறோம் என்ற மூன்றிலும் நம்மால் கை வைக்க முடியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேர் கீழ்முதுகு வலியோடு இருந்தார்கள். மனிதர்களை வேலை செய்ய முடியாமல் முடக்கிப் போடும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் இதற்குத்தான். இவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு எலும்பு முறிவோ, கட்டியோ, கிருமியோ காரணம் அல்ல. ஸ்கேன் எடுத்தாலும் இதுதான் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத வலி அது. கூலிக்குப் போகும் குடும்பத்தில் இந்த வலியின் கணக்கு வேறு. நடவு, களை என்று வேலை கிடைக்கிற நாட்களே கொஞ்சம். அந்த நாட்களில் இடுப்பு பிடித்துக்கொண்டால் அந்தப் பருவத்துச் சம்பளம் போய்விடும். மருந்துக் கடைச் செலவு அதற்கு மேல்.

ஏற்றம் தெரிந்தவர்களுக்கு இடுப்புக் கணக்கு எளிது

முதுகெலும்பு அடுக்கி வைத்த எலும்புக் கட்டைகளால் ஆனது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெத்தை போல ஒரு வட்டு இருக்கிறது. மருத்துவர்கள் 'டிஸ்க்' என்று சொல்வது இதைத்தான். வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ். எல்லாப் பாரமும் கடைசியில் இறங்குவது இடுப்புப் பகுதியில் இருக்கும் அடி வட்டுகளில். டிஸ்க் பிதுங்கியது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு கடைசி இரண்டு வட்டுகளில்தான்.

கிணற்று ஏற்றத்தைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. துலாவின் நீண்ட முனையில் சால், குட்டை முனையில் கல். நீண்ட முனையில் கொஞ்சம் எடை கூடினாலும் குட்டை முனையில் பல மடங்கு கல் கட்ட வேண்டும். நம் உடம்பிலும் முதுகெலும்புதான் தாங்கு கட்டை. அதற்குப் பின்னால் ஐந்தாறு சென்டிமீட்டரில் முதுகுத் தசை, அதுதான் குட்டை முனை. முன்னால் நீட்டிய கையில் உள்ள மூட்டை நீண்ட முனை. 20 கிலோவை முதுகெலும்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் முதுகுத் தசை ஏறத்தாழ 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதே 20 கிலோவை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் அதில் பாதிகூடத் தேவைப்படாது. கையில் ஒன்றுமே இல்லாமல் குனிந்தாலும் நம் தலையும் நெஞ்சும் கையும் சேர்ந்து அந்த நீண்ட முனையில் தொங்குகின்றன. வெறும் களை பறிக்கிற பெண்ணுக்கு ஏன் மூட்டை தூக்கியவர் போல வலிக்கிறது என்பதற்கு இதுதான் பதில்.

சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் நாகெம்சன் 1960களில் மனிதர்களின் இடுப்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நேராக நிற்கும்போது அழுத்தம் 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுக்கும்போது அது 25. முன்னால் குனிந்தால் 150. கையில் சுமையோடு குனிந்தால் 220. உட்காருவதைப் பற்றி அவர் சொன்ன அளவு பின்னால் நடந்த ஆய்வுகளில் சற்று மாறியது. குனிந்தால் அழுத்தம் ஏறுகிறது என்பது மட்டும் மாறவில்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இருபது நிமிடம் தொடர்ந்து குனிந்தே இருந்தால் எலும்புகளைப் பிணைத்திருக்கும் நார்கள் இழுபட்டுத் தளர்ந்துவிடும். நிமிர்ந்த உடனே அவை பழைய இறுக்கத்துக்கு வருவதில்லை, அரை மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் முதுகுக்குப் பாதுகாப்பு குறைவு. நம் வயலில் நடப்பதோ நேர் எதிர். ஒரு மணி நேரம் நாற்றுப் பறித்துவிட்டு நிமிர்ந்ததும் ஈரம் சொட்டும் நாற்றுக் கட்டைத் தூக்கித் தலையில் வைக்கிறோம். 'சுளுக்' என்று பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். குனிந்த வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் வரப்பில் நடந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் பிறகு சுமையில் கை வைக்க வேண்டும். குனிந்தவர் ஒருவர், தூக்குபவர் வேறொருவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

விடியற்காலையிலும் கவனம் வேண்டும். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது வட்டு தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் எழும்போது நம் உயரமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருப்பது இதனால்தான். உப்பிய வட்டு குனிவைத் தாங்காது. எழுந்ததும் நம் வீட்டுப் பெண்கள் செய்யும் முதல் வேலை என்ன? குட்டை விளக்குமாற்றை எடுத்து வாசல் கூட்டுவது, சாணி தெளிப்பது, கோலம் போடுவது. பிறகு கட்டுத்தறியில் சாணி அள்ளுவது. எல்லாமே குனிந்து, எழுந்த அரை மணி நேரத்துக்குள். மார்கழியில் கோலம் பெரிதாகும், குனிவும் நீளும். கோலத்தை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது, தேவையும் இல்லை. எழுந்ததும் அடுப்படி வேலை, நின்றுகொண்டு செய்யும் வேலை எதுவோ அதை முதலில் முடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வாசலுக்கு வந்தால் போதும். ஈர்க்கு விளக்குமாற்றில் மூன்றடி மூங்கில் குச்சியைச் செருகிக் கட்டினால் நின்றபடியே கூட்டலாம்.

கலிஃபோர்னியாவின் குட்டைக் களைக்கொத்து

கருவியின் பிடிக்கும் முதுகு வலிக்கும் உள்ள தொடர்பை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்கள் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்து விவசாயக் கூலிகள். லெட்டூஸ் கீரையிலும் சர்க்கரைக் கிழங்கிலும் களை வெட்டவும், நெருக்கமாக முளைத்த பயிரைக் கலைக்கவும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது ஓர் அடி அளவே பிடி உள்ள களைக்கொத்து. பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்தவர்கள். ஸ்பானிய மொழியில் 'குட்டையன்' என்று பொருள்படும் பெயரில் அதை அழைத்தார்கள். நாள் முழுக்க இரண்டாக மடிந்துதான் அதைப் பிடிக்க முடியும். பின்னாளில் விவசாயத் தொழிலாளர் சங்கம் கண்ட சீசர் சாவேஸும் இளம் வயதில் அந்தக் கொத்தைப் பிடித்தவர். முதுகு வலி அவரை வாழ்நாளெல்லாம் விடவில்லை.

நீளப் பிடி கொடுங்கள் என்று கேட்டபோது பண்ணைக்காரர்கள் சொன்ன பதில் நமக்கும் பழக்கமானதுதான். பிடி நீளமானால் கை நிதானம் தப்பும், பயிர் வெட்டுப்படும் என்றார்கள். குனிந்திருக்கும் ஆள் வேலை செய்கிறார், நிமிர்ந்திருப்பவர் சும்மா நிற்கிறார் என்று தூரத்திலிருந்தே மேஸ்திரி கண்டுகொள்ள அது வசதியாக இருந்தது என்பது தொழிலாளர்கள் தரப்பு. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. கருவி உடையவில்லை, கூர் கெடவில்லை, பிறகு எப்படி அது ஆபத்தான கருவி என்பது தொழில் பாதுகாப்புத் துறையின் வாதம். எந்த முறையில் பயன்படுத்த வேண்டியதோ அந்த முறையில் பயன்படுத்தும்போதே உடம்பைக் கெடுக்கிறது என்றால் அதுவும் ஆபத்தான கருவிதான் என்ற கோணத்தில் 1975இல் தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டே குட்டைக் களைக்கொத்துக்குத் தடை வந்தது. கலிஃபோர்னியாவில் லெட்டூஸ் இன்றும் விளைகிறது. நீளப் பிடியால் அந்தப் பயிர் அழிந்துபோகவில்லை.

நம் ஊரில் தடையும் வழக்கும் வேண்டியதில்லை. கொல்லனிடமோ தச்சனிடமோ ஒரு நடை போனால் போதும். மண்வெட்டிக்குப் பிடி வாங்கும்போது கடையில் இருக்கும் அளவையே வாங்கி வருகிறோம். ஐந்தே கால் அடி ஆளும் ஆறடி ஆளும் ஒரே பிடியைப் பிடிக்கிறார்கள். பிடியை ஒரு சாண் நீட்டினாலே குனிவின் கோணம் மாறும். வரப்பு வெட்ட, சேறு அணைக்க, தென்னைக்குப் பாத்தி எடுக்க நீண்ட பிடி நன்றாகவே வேலை செய்யும். முதல் இரண்டு நாள் கை ஒத்துழைக்காது, பிறகு பழகிவிடும். தோட்டத்துக் காய்கறிக்கும் தென்னை இடைவெளிக்கும் நின்றபடி இழுக்கும் நீளப் பிடிக் களைக்கொத்து இருக்கிறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் உட்கார்ந்து கொத்த வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

நெல் வயலில் நின்றபடி களையெடுக்க முடியுமா?

முடியும், ஆனால் ஒரு நிபந்தனை. பயிர் வரிசையாக இருக்க வேண்டும்.

செம்மை நெல் சாகுபடி தமிழ்நாட்டில் 'ராஜராஜன் 1000' என்ற பெயரில் பரப்பப்பட்டபோது கூடவே வந்தது கோனோ வீடர் என்ற உருளும் களைக்கருவி. சதுர நடவில் வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர். அந்த இடைவெளியில் நின்றபடி முன்னும் பின்னும் தள்ளினால் களை சேற்றில் அமிழ்ந்து மட்கும், மண்ணும் கிளறிவிடப்படும். வயலில் மெல்லிய நீர் இருக்க வேண்டும். காய்ந்த களிமண்ணில் அதைத் தள்ளினால் இடுப்பு வலி தோள் வலியாக மாறும், அவ்வளவுதான்.

மணமேல்குடி பக்கம் பெரும்பகுதி மானாவாரியும் கண்மாய்ப் பாசனமும். அங்கே விதை கையால் வீசப்படுகிறது. வீசி விதைத்த வயலில் எந்தக் களைக்கருவியும் நுழைய முடியாது. அதனால்தான் இந்தக் கருவி பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. டிராக்டரோடு இணைக்கும் விதைப்புக் கருவியால் வரிசையில் விதைத்துவிட்டால் கதையே மாறுகிறது. விதை அளவு குறையும். முளைத்த பிறகு, தண்ணீர் நிற்காத ஆரம்ப நாட்களில், புன்செய்க்கான நட்சத்திர வகைக் களைக்கருவியையோ ஆப்பு வகைக் கருவியையோ வரிசையில் ஓட்டலாம். இரண்டும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பவை. மழை பிடித்துத் தண்ணீர் கட்டிய பிறகு கோனோ வீடர். சேற்று உழவு செய்யும் கால்வாய்ப் பாசன வயல்களுக்கு முளைகட்டிய விதையை வரிசையில் போடும் டிரம் சீடர் உண்டு, நடவு இயந்திரமும் உண்டு.

கருவியிலும் குறை இல்லாமல் இல்லை. ஆண்களின் உயரத்துக்கும் பலத்துக்கும் செய்த களைக்கருவியைப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டு, "ஓட்ட மாட்டேங்கிறாங்க" என்று குறை சொல்வது நியாயமாகாது. வாங்கும் முன் ஓட்டப்போகிறவர் கையில் கொடுத்துத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பிடியின் உயரத்தை ஏற்றி இறக்கும் வசதி வேண்டும். கைப்பிடி தொப்புள் உயரத்துக்கு வர வேண்டும். ஒற்றை வரிசைக் கருவி எடை குறைவு. பயிரை ஒட்டி நிற்கும் களையைக் கையால்தான் எடுக்க வேண்டும், ஆனால் அது முழு நாள் வேலையாக இருக்காது.

இதில் பேசாமல் விடக் கூடாத ஒன்று உண்டு. உழவுக்கு டிராக்டர் வந்தது, நீர் இறைக்க மோட்டார் வந்தது, அறுப்புக்கும் அடிப்புக்கும் ஒரே இயந்திரம் வந்தது. நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு என்று பெண்கள் குனிந்து செய்யும் வேலைதான் கடைசி வரை கையில் நின்றுவிட்டது. இப்போது கருவி வரும்போது பத்துப் பேர் வேலை நான்கு பேரோடு முடிந்துவிடுமோ என்று களைக்குப் போகும் பெண்கள் அஞ்சுவதில் அர்த்தம் இருக்கிறது. சுய உதவிக் குழுவோ உழவர் குழுவோ கருவிகளைத் தன் பெயரில் வாங்கி, ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி பேசி அந்தப் பெண்களே ஓட்டினால் கூலியும் போகாது, முதுகும் போகாது. ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் நிலத்துக்காரருக்கும் இது லாபம்தான்.

கையாலேயே செய்ய வேண்டியிருக்கும் இடத்தில் சில பழக்கங்கள் உதவும். இடது முழங்கையை இடது தொடையில் ஊன்றிக்கொண்டு வலது கையால் நடுவது நம் மூத்த பெண்கள் செய்வதுதான். உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு காலுக்கு இறங்கிவிடும். இளையவர்கள் வேகத்துக்காக அதை விட்டுவிடுகிறார்கள். முழங்காலை விறைப்பாக வைக்காமல் லேசாக மடக்கி, இடுப்பு மூட்டிலிருந்து குனிய வேண்டும். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, இரண்டு கையையும் இடுப்பின் பின்னால் வைத்து, ஐந்து தடவை மெல்லப் பின்னால் வளைய வேண்டும். அரை நிமிட வேலை. வரிசையில் ஒருவர் நிமிர்ந்தால் மற்றவர்கள் முறைப்பார்கள் என்பதால் எல்லோரும் சேர்ந்தே நிமிர்வது நல்லது. நடவுப் பாட்டு இருந்த காலத்தில் பாட்டு முடிகிற இடம் அந்த வேலையைச் செய்தது. இப்போது யாராவது ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். வயலில் இறங்கும் முன்பே நாற்று முடிகளை வயல் முழுக்கப் பரவலாகப் போட்டுவைத்தால் நடுவில் எட்டி இழுக்கும் வேலை மிஞ்சும்.

மூட்டை

யூரியா மூட்டை 50 கிலோவாக இருந்தது. 2018 மார்ச் முதல் அது 45 கிலோ. விவசாயிகள் யூரியாவைக் கொஞ்சம் குறைத்துப் போடட்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது, முதுகுக்கு ஐந்து கிலோ மிச்சமானது தற்செயல். டிஏபி இன்றும் 50 கிலோ. சிமென்ட் 50 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் 40 கிலோ சிப்பம். சுமைப் பணியாளர்கள் தட்டுக்குத் தட்டு நாள் முழுக்க அதைத்தான் அடுக்குகிறார்கள்.

எவ்வளவு தூக்கலாம்? அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்தி வெளியிட்ட கணக்கில், எல்லாம் தோதாக அமைந்தாலும், அதாவது சுமை உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில், திரும்பாமல் எடுத்தாலும், 23 கிலோதான் வரம்பு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1967ஆம் ஆண்டு சுமை உடன்படிக்கையோடு வந்த பரிந்துரை, வளர்ந்த ஆண் ஒருவருக்கே 55 கிலோவுக்கு மேல் கூடாது என்கிறது. பெண்களுக்கு அதைவிடக் கணிசமாகக் குறைய வேண்டும். அந்த உடன்படிக்கையை இந்தியா 2010இல் ஏற்றது. இரண்டு எண்ணுக்கும் நடுவே நம் உர மூட்டை உட்கார்ந்திருக்கிறது. ஒருநாள் தூக்கிவிடலாம், வருடக் கணக்கில் தனியாகத் தூக்கக் கூடாது.

கடையிலிருந்து வந்த மூட்டையை வீட்டுத் தரையில் இறக்காதீர்கள். தரையிலிருந்து எடுப்பதுதான் முதுகுக்கு மிகக் கடினமான தூக்கு. திண்ணையிலோ இரண்டு வரிசைச் செங்கல்லின் மேல் போட்ட பலகையிலோ இறக்கினால் பாதித் தொல்லை தீரும். உரம் ஈரமாகாமல் இருப்பதும் கூடுதல் லாபம். வயலுக்கு எடுத்துப் போகும்போது முழு மூட்டையைத் தோளில் ஏற்றாமல் இரண்டு சாக்கில் பிரித்துக்கொள்ளலாம். ஒரு சக்கரத் தள்ளுவண்டி வரப்பிலும் ஓடும். தவிர்க்க முடியாமல் தூக்க வேண்டுமென்றால் ஆளுக்கொரு முனை பிடித்து, கால்களை அகற்றி வைத்து, முழங்காலை மடக்கி, மூட்டையை வயிற்றோடு அணைத்து எழ வேண்டும். எழுந்த பிறகு இடுப்பை மட்டும் முறுக்கித் திரும்பக் கூடாது. காலடியை நகர்த்தி முழு உடம்போடு திரும்ப வேண்டும். சுமையோடு முறுக்குவதுதான் வட்டின் நார் வளையத்தைக் கிழிக்கும் அசைவு.

முதுகில் மாட்டும் தெளிப்பான் 16 லிட்டர் கொள்ளும். நிரப்பினால் கருவியின் எடையும் சேர்ந்து இருபது கிலோவைத் தாண்டும். பத்து லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு நடை கூடும், அவ்வளவுதான். தரையில் வைத்து மாட்டாமல் வரப்பு மேட்டிலோ திண்டிலோ வைத்து மாட்ட வேண்டும். குடத்துக்கும் இதே கணக்கு. எப்போதும் ஒரே இடுப்பில் ஏற்றுவதால் முதுகெலும்பு ஒரு பக்கம் சாய்ந்தே வேலை செய்கிறது. இடுப்பை மாற்றுங்கள், அல்லது சின்னக் குடம் இரண்டாக இரு கையிலும் பிடியுங்கள். ஊருணிக்கும் குழாயடிக்கும் நாலு குடம் வைக்கும் தள்ளுவண்டியை எடுத்துப்போவது ஆண்களுக்குக் கௌரவக் குறைவு என்றால், அந்தக் கௌரவத்துக்கு வீட்டுப் பெண்களின் இடுப்பு விலையாகிறது.

கடலுக்குப் போகிற வீடுகளும் இந்த வட்டாரத்தில் நிறைய. வலை இழுப்பவர்களுக்கும் ஐஸ் பெட்டி தூக்குபவர்களுக்கும் சொல்வது இதேதான். இழுவை கையில் இருக்கக் கூடாது, காலில் இருக்க வேண்டும்.

வாசகர்கள் கேட்பவை

"நாள் பூராவும் உடம்பால் உழைக்கிறோம். எங்களுக்கு எதுக்கு உடற்பயிற்சி?" இது நியாயமான கேள்வி. ஆனால் உழைப்பு ஒரே தசையை ஒரே பக்கம் இழுக்கிறது, பயிற்சி எல்லாப் பக்கமும் இழுக்கிறது. ஆஸ்திரேலியாவில் முதுகு வலி வந்து தேறிய 701 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2024இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. படிப்படியாகக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வரை நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர நடுவாக 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள். செலவு ஒன்றும் இல்லை. வயலில் சேற்றில் காலை இழுத்து நடப்பது இந்தக் கணக்கில் வராது. கையில் சுமை இல்லாமல், நிமிர்ந்து, கை வீசி, கடைத்தெரு வரை நடப்பதுதான் நடை. இதோடு இரவு படுக்கும் முன் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். பத்து முறை போதும். பிட்டத் தசை பலப்படும். தூக்கும்போது முதுகுக்குத் துணை நிற்பது அந்தத் தசைதான்.

"இடுப்பு பெல்ட் போட்டால் சரியாகுமா?" நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு பெல்ட் வேண்டாம், இழுவைச் சிகிச்சை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வயிறும் முதுகும் செய்ய வேண்டிய வேலையைத் துணி செய்தால் தசை சோம்பிப்போகும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் போடச் சொன்னால் அது வேறு.

"பிடித்துக்கொண்டால் எத்தனை நாள் படுக்க வேண்டும்?" முன்பெல்லாம் வாரக்கணக்கில் படுக்கச் சொன்னார்கள். இப்போது அப்படி இல்லை. ஒன்றிரண்டு நாளுக்கு மேல் படுத்தால் தசை வலுவிழந்து வலிதான் நீளும். வலி தாங்கும் அளவுக்கு வீட்டுக்குள் நடக்க வேண்டும், கனமான வேலையை மட்டும் நிறுத்த வேண்டும். பாயில் படுக்கலாம். நடுவில் தொய்ந்த கயிற்றுக் கட்டில்தான் கூடாது. எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

"மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரையே கேட்கிறதே?" கேட்கும். அதுதான் அபாயமும். வலி மாத்திரையும் வலி ஊசியும் வலியை மறைக்கின்றன, குனிவு அப்படியே தொடர்கிறது. மருத்துவர் எழுதித் தராமல் மாதக் கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் ரத்தக் கசிவும் வரலாம், சிறுநீரகம் கெடலாம். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் உடம்புக்குச் சிறுநீரக அபாயம் இன்னும் அதிகம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தாங்களாக வாங்கவே கூடாது. வலிக்காக இரவில் குடிப்பவர்கள் மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் குடல் புண்ணுக்கு நேர்வழி.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

இடுப்பு வலியோடு சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே சிறுநீர், மலம் போனாலோ, தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ அன்றைக்கே போக வேண்டும். நரம்புகள் நசுங்குகின்றன என்று அர்த்தம். நாள் தள்ளினால் திரும்பாது. 108ஐ அழைத்து, அறந்தாங்கி அரசு மருத்துவமனைக்கோ புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சென்றுவிடுங்கள்.

மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் படுத்தாலும் குறையாத வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம், முழுமையாகக் குணமாகும், பிந்தினால் கூன் விழும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு லேசாக வழுக்கி விழுந்த பிறகு முதுகு வலி வந்தால் எலும்பு நசுங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். கேழ்வரகும், முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து. கடற்கரைக்காரர்களுக்கு நெத்திலிக்குப் பஞ்சமில்லை.

எழுந்து மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய திட்டம் இது. கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுத்தால் பயிற்சி சொல்லித்தர ஆள் வீட்டுக்கே வருவார்.

கருவிக்கு எங்கே போவது?

வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் களையெடுக்கும் கருவிகளுக்கும் நடவு இயந்திரத்துக்கும் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம். உச்சவரம்பு கருவிக்குக் கருவி மாறும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். உழவன் செயலியில் பதிவு செய்யலாம். வாடகைக்கும் இயந்திரங்கள் கிடைக்கின்றன. வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க விரும்பினால் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். சிறு கைக்கருவிகளை ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்குவதுதான் கட்டுப்படியாகும். ஒருவர் வயலுக்கு ஒரு பருவத்தில் சில நாள்தான் அது தேவைப்படும்.

இதில் நாள் கணக்கு முக்கியம். களைக்கருவி வேண்டுமா என்று ஐப்பசியில் களை முளைத்த பிறகு யோசித்துப் பயனில்லை. வயல் ஏற்கெனவே வீசி விதைத்ததாக இருக்கும். வரிசை விதைப்புக்கான கருவியை ஆவணிக்கு முன்பே பேசி வைக்க வேண்டும். டிராக்டர்காரர் அந்த நேரத்தில் எல்லோருக்கும் வேண்டியவராகிவிடுவார். ஆடி மாதமே முன்பணம் கொடுத்துச் சொல்லி வைப்பவர்களின் வயலில்தான் முதலில் இறங்குவார்.